பாம்பைக் கொன்றால் என்ன தண்டம்?

கேள்வி: எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் 'ஆப்பிரிக்க இலக்கியத்தில் இயற்கையும் ஆன்மிகமும்' என்று இருபது நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சினுவா அச்சிபியின் முதல் நாவலைத் தமிழில் ('சிதைவுகள்') படித்திருக்கிறேன். மண், காடு, பாம்பு என்று எல்லாவற்றிலும் தெய்வம் வருகிறது. இதை மாய யதார்த்தம், அதாவது மாயத்தை அன்றாட வாழ்க்கைபோலச் சொல்லும் பாணி, என்று சொல்லலாமா? நம்மூர் கிராம தெய்வங்களோடு ஒப்பிட்டுப் பேசினால் போதுமா? வேறு எதைப் படிக்கட்டும்?

பதில்: தலைப்பு பெரிது, நேரம் குறைவு. முதல் வேலையாக 'ஆப்பிரிக்க ஆன்மிகம்' என்ற சொல்லைப் பேச்சிலிருந்து எடுத்துவிடுங்கள். அச்சிபி எழுதுவது கிழக்கு நைஜீரியாவின் இக்போ மக்களைப் பற்றி. அதே நாட்டு எழுத்தாளர் வோலே சோயிங்காவுக்கு யொரூபா, கூகி வா தியாங்கோவுக்குக் கென்யாவின் கிக்கூயு. சாமியும் வேறு, சடங்கும் வேறு. எந்த மக்கள், எந்த ஊர் என்று சொல்லிவிட்டே பேசுங்கள்.

அடுத்து, கையிலிருக்கும் நாவலை ஒரு பென்சிலோடு மறுபடி எடுங்கள். சாமி வரும் இடத்திலெல்லாம் 'இது எதன் குறியீடு' என்று யோசிக்க வேண்டாம். இங்கே எதைச் செய்யக் கூடாது, செய்தால் யார் என்ன கட்ட வேண்டும் என்று மட்டும் ஓரத்தில் எழுதிக்கொண்டே போங்கள். அந்தக் குறிப்பே உங்கள் பேச்சில் பாதி.

உதாரணத்துக்கு, நடவுக்கு முந்தைய சமாதான வாரம். அந்த வாரத்தில் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு கடுஞ்சொல்கூடப் பேசக் கூடாது. நாவலின் நாயகன் ஒக்கோன்க்வோ தன் இளைய மனைவியை அடித்துவிடுகிறான். மண் தெய்வமான அனியின் பூசாரி எசெயானி பொழுது சாயும் முன்பே வீட்டுக்கு வந்துவிடுகிறார். விருந்தினருக்கு மரியாதையாக நீட்டிய கோலாக் கொட்டையை வாங்க மறுக்கிறார். பெட்டை ஆடு ஒன்று, பெட்டைக்கோழி ஒன்று, ஒரு துண்டுத் துணி, நூறு சோழி (அங்கே அதுதான் காசு): இவ்வளவும் மறுநாள் அனியின் கோயிலுக்கு வந்து சேர வேண்டும். காரணத்தையும் சொல்கிறார். மண்ணை அவமதித்தால் அவள் விளைச்சல் தர மறுக்கலாம். அப்போது அழிவது ஒக்கோன்க்வோ மட்டும் அல்ல, ஊரே.

இதற்குச் சற்றுப் பின்னால் வரும் ஒரு பேச்சைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எசூடு என்ற முதியவர், முன்பெல்லாம் இந்தக் குற்றத்துக்கு ஆளை ஊர் வழியாகத் தரையில் இழுத்தே கொன்றுவிடுவார்கள் என்று தன் அப்பா சொன்னதை நினைவுகூர்கிறார். அப்புறம் அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார்களாம். எந்தச் சமாதானத்துக்காகத் தண்டனையோ, அதையே அது கெடுத்தது என்று. தெய்வத்தின் சட்டம், ஆனால் ஊர் கூடித் திருத்தியிருக்கிறது. 'மாறாத பழங்குடி நம்பிக்கை' என்று யாராவது கேள்வி நேரத்தில் ஆரம்பித்தால் இந்த இடத்தை எடுத்துக் காட்டுங்கள்.

பாம்பும் அப்படித்தான். ஒக்கோன்க்வோவின் தாய் பிறந்த ம்பான்டா ஊரில் மலைப்பாம்பைத் தெரியாமல் கொன்றவன் பரிகாரம் செய்து, பெரிய மனிதருக்குச் செய்வதுபோல் செலவு செய்து அதை அடக்கம் செய்ய வேண்டும். தெரிந்தே கொன்றால்? அதற்குத் தண்டனையே வகுக்கவில்லை. அப்படி ஒருவன் செய்வான் என்று யாரும் நினைத்ததில்லை. ஒரு சமூகம் கற்பனைகூடச் செய்து பார்க்காத குற்றம், மதம் மாறிய ஒருவன் கையால் ஒருநாள் நடந்துவிடுகிறது. மிஷனரிகள் வந்தபின் ஏற்பட்ட உடைப்பை விளக்க எனக்கு இதைவிட நல்ல இடம் தெரியவில்லை.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை. 'அவர்கள் இயற்கையை வணங்கினார்கள், அதனால் காப்பாற்றினார்கள்' என்று உருகிவிடாதீர்கள். ஊருக்கு ஆகாததைக் கொண்டுபோய் விடும் 'தீய காட்டை' நாவலாசிரியர் அழகுபடுத்தவே இல்லை. உடல் வீங்கும் நோய் கண்ட ஒக்கோன்க்வோவின் தகப்பனை அங்கேதான் கொண்டுபோய் விட்டார்கள். மண்ணில் புதைக்கக்கூட இடமில்லை. மண்ணுக்கு ஆகாது என்று இரட்டைக் குழந்தைகளை எறிந்ததும் காட்டில்தான். மிஷனரிகள் இடம் கேட்டபோது, நான்கே நாளில் செத்துப்போவார்கள் என்று நம்பி ம்பான்டா ஊரார் தங்கள் தீய காட்டில் இடம் கொடுக்கிறார்கள். யாரும் சாகவில்லை. அங்கே முதலில் சேர்ந்த பெண் நெக்கா. நான்கு முறை இரட்டைக் குழந்தை பெற்று, நான்கு முறையும் பறிகொடுத்தவள்.

வேறு எதைப் படிப்பது என்றால், ஒரே ஒரு புத்தகம்: அச்சிபி 1964இல் வெளியிட்ட 'ஆரோ ஆஃப் காட்'. உங்கள் தலைப்புக்கு முதல் நாவலைவிட இதுவே பொருத்தம் என்பேன். ஆறு கிராமங்கள் சேர்ந்த உமுவாரோவில் உலு என்ற தெய்வம். அதன் தலைமைப் பூசாரி எசெயுலு. கோயிலில் எடுத்து வைத்திருக்கும் 'யாம்' (yam) கிழங்குகளில் ஒன்றை, ஒவ்வொரு பிறை தென்பட்டதும் சுட்டுச் சாப்பிடுவது அவர் கடமை. யாம் என்றதும் சேனையை நினைக்காதீர்கள். இது கொம்பு நட்டுக் கொடி ஏற்றும் வள்ளிக்கிழங்கு. எத்தனை கிழங்கு மிச்சமோ அத்தனை மாதம் மிச்சம். கடைசிக் கிழங்குக்கு வந்ததும் புதுக்கிழங்குத் திருவிழாவுக்கு நாள் குறிப்பார். அதற்குப் பிறகுதான் ஊரார் வயலில் கை வைக்கலாம். நாள்காட்டியும் அறுவடை உத்தரவும் அந்தக் கிழங்குகள்தான்.

வெள்ளை அதிகாரி எசெயுலுவைக் கூப்பிட்டு அனுப்பிப் பிடித்து வைத்துவிடுகிறார். இரண்டு பிறை போய்விடுகிறது. திரும்பி வந்தவரிடம் மூன்று கிழங்கு இருக்கிறது, இருக்க வேண்டியதோ ஒன்று. அவர் நாள் குறிக்க மறுக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் பத்துப் பேர் வந்து, மிச்சத்தைச் சாப்பிட்டுவிடுங்கள், பாவம் எங்கள் தலையில் விழட்டும் என்று கெஞ்சிப் பார்க்கிறார்கள். முடியாது. கிழங்கு மண்ணுக்குள்ளேயே கெடுகிறது. அந்தச் சமயம் பார்த்து, அறுவடைக் காணிக்கையை எங்களிடம் கொண்டுவாருங்கள், உலு உங்களைத் தொடாது என்கிறது தேவாலயம். மதமாற்றத்தைப் பசியின் கணக்கில் இவ்வளவு துல்லியமாகச் சொன்ன நாவல்கள் குறைவு. இன்னொன்று: உலு ஆதியிலிருந்து இருந்த சாமி அல்ல. அடிமை பிடிக்க வந்த அபாம் வீரர்களுக்குப் பயந்து, ஆறு கிராமத்தாரும் மந்திரவாதிகளை அமர்த்தி நிறுவியது. பக்கத்து அனின்டா ஊரார், தங்களைக் கைவிட்ட சாமியை எல்லைக்குத் தூக்கிக்கொண்டுபோய்க் கொளுத்திய கதையும் இதில் வருகிறது.

நேரம் கிடைத்தால் கென்யாவுக்கும் ஒரு எட்டு போகலாம். கூகியின் 'தி ரிவர் பிட்வீன்' (1965) இரண்டு மலைமுகடுகளுக்கு நடுவே ஓடும், என்றும் வற்றாத ஹோனியா ஆற்றைச் சுற்றியது. அத்தோடு கென்யாவின் சூழலியல் போராளி வங்காரி மாத்தாயின் தன்வரலாறு 'அன்பௌட்' (2006). முகுமோ என்ற அத்திமரத்தின் கீழ் சுள்ளி பொறுக்காதே, அது கடவுளின் மரம் என்று அம்மா சொன்னதையும், பின்னாளில் அந்த மரம் வெட்டப்பட்டதையும், பக்கத்து ஓடை வற்றியதையும் எழுதுகிறார். உயிரியல் படித்தவர் என்பதால் மரத்தின் வேருக்கும் நிலத்தடி நீருக்கும் உள்ள தொடர்பையும் சொல்கிறார்.

மாய யதார்த்தம்? வேண்டாம். அந்தச் சொல் லத்தீன் அமெரிக்க நாவல்களோடு பரவியது. நைஜீரிய எழுத்தாளர் ஃபகுன்வா பேய்க் காட்டுக்குள் வேட்டைக்காரனை அனுப்பி யொரூபா மொழியிலேயே நாவல் எழுதியது 1938இல். அதே நாட்டு டுட்டுவோலாவின் 'தி பாம்-வைன் டிரிங்கர்ட்' 1952. இவர்களுக்கு வாய்மொழிக் கதைதான் மூலம். பென் ஓக்ரியின் 'தி ஃபேமிஷ்ட் ரோட்' (1991) மட்டும் கொஞ்சம் விவாதத்துக்கு இடம் தரும். செத்துச் செத்துப் பிறக்கும் அபிக்கு குழந்தைதான் அதில் கதைசொல்லி. ஒரு காலத்தில் ஆறாக இருந்த சாலை பசியோடு கிடக்கிறது. ஆனால் அபிக்கு என்பதே யொரூபா மக்களிடம் முன்பிருந்து வரும் நம்பிக்கை.

கிராம தெய்வ ஒப்பீட்டை நீங்கள் சொல்லாவிட்டாலும் கேட்பவர்கள் சொல்வார்கள். நீங்களாகத் தொடங்கினால் இருபது நிமிடமும் நம்மூரிலேயே போய்விடும். எசெயானி வந்து நின்று தண்டம் சொல்லும் பக்கத்தைச் சத்தமாக வாசித்துத் தொடங்குங்கள், இரண்டு நிமிடம் போதும். மூன்று கிழங்குக்குப் பத்து நிமிடம் கொடுங்கள்.