நாலில் ஒரு பங்கு கேட்கும் பேஸ் வாசிப்பாளருக்கு

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் நண்பன் வீட்டுக் கராஜில், பள்ளிக்கூடக் காலத்தில் நாலு பேராகத் தொடங்கிய ராக் இசைக்குழு எங்களுடையது. நான் பேஸ் கிட்டார். குழுவுக்குப் பெயர் வைத்ததும் நான்தான். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் சீசனுக்கு வாசித்தும் கோயில் திருவிழா, கலியாண வீடு என்று மேடை ஏறியும் வளர்ந்தோம். எங்கள் பாட்டு ஒன்று யூடியூப்பில் பெரிதாக ஓடியது. அந்தப் பாட்டுத் தொடங்குவதே என் பேஸில்தான். அதற்குப் பிறகு பாடகர் குழுவைப் பிரதேச செயலகத்தில் தன் ஒற்றைப் பெயரில் பதிந்துவிட்டார். கனடா நிகழ்ச்சிக்கு எனக்குப் பதிலாக வேறொருவரைக் கூட்டிப் போனார்கள். கடைசி சீசன் காசும் வரவில்லை. எங்களுக்குள் எழுத்தில் ஒன்றும் இல்லை. இங்கிலாந்தில் தி ஸ்மித்ஸ் குழுவின் டிரம்மருக்கு நீதிமன்றம் 25 வீதம் கொடுத்ததாக வாசித்தேன். எனக்கும் நாலில் ஒரு பங்கு கிடைக்குமா? பெயரைப் பாவிக்க விடாமல் தடுக்கலாமா?

பதில்: உங்கள் கடிதம் எட்டுப் பக்கம். மேலே இருப்பது அதன் சுருக்கம். வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கியது, போஸ்டரில் உங்களை வெட்டிவிட்டுப் படம் போட்டது, அப்பாவின் அந்தியேட்டிக்கு ஒருவரும் எட்டிப் பார்க்காதது, ‘பேஸ் ஆருக்குக் கேட்குது’ என்று மேடையிலேயே பகிடி விட்டது எல்லாவற்றையும் வாசித்தேன். மனம் நொந்துதான் போயிருப்பீர்கள். இதில் ஒன்றையும் எந்த நீதிபதியும் கேட்கப் போவதில்லை. பொலிஸில் நம்பிக்கை மோசடி என்று முறைப்பாடு கொடுக்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள். சிவில் வழக்கு என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள்.

எனக்கு வேண்டிய வரி ஆறாம் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கிடந்தது. சவுண்ட் சிஸ்டம் வாங்கப் பாடகர் பெயரில் எடுத்த கடனுக்கு நீங்களும் டிரம்ஸ் அடிக்கிறவரும் பிணைக் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள். கடன் இன்னும் ஓடுகிறது. இத்தனை வருட பாண்ட் வாழ்க்கையில் உங்கள் கையெழுத்தோடு இருக்கிற ஒரே கடதாசி அதுதான். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மற்றதைப் பார்ப்போம்.

நீங்கள் வாசித்தது சரி. டிரம்மர் மைக் ஜோய்ஸ் 1996 இல் வென்றார். 1998 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் பங்காளர் எல்லோருக்கும் சம பங்கு என்று இங்கிலாந்தின் 1890 ஆம் ஆண்டுப் பங்குடைமைச் சட்டம் சொல்கிறது. இலங்கையிலும் பங்குடைமைக்கு அந்த ஆங்கிலச் சட்டத்தைத்தான் பின்பற்றுகிறோம். அப்படியானால் நமக்கும் 25 வீதம் வரவேண்டும்தானே?

வராது. நம்மிடம் அதற்கும் முந்தின ஒன்று இருக்கிறது: 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம். மூலதனம் 1000 ரூபாவைத் தாண்டுகிற பங்குடைமை என்றால் எழுத்தும் கையெழுத்தும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது என்கிறது அதன் 18 ஆம் பிரிவு. இன்றைக்கு 1000 ரூபாவுக்கு ஒரு செட் பேஸ் கம்பிகூட வாங்க முடியாது. உங்கள் நாலு பேரின் அம்ப்ளிஃபயர்களையும் டிரம் செட்டையும் கூட்டிப் பார்த்தால் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே ‘நாங்கள் பங்காளர்கள், கணக்கைக் காட்டு, கால்வாசியைத் தா’ என்ற வழக்கு வாசலிலேயே நின்றுவிடும்.

இனித்தான் நான் பயப்படுகிற இடம். அதே 18 ஆம் பிரிவின் கடைசியில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பங்காளர் போல நடந்துகொண்டவர்கள் மீது மூன்றாம் ஆட்கள் வழக்குப் போடுவதை இந்தப் பிரிவு தடுக்காது. சூழ்நிலைகளைக் காட்டியே அவர்கள் பங்குடைமையை நிரூபிக்கலாம், எழுத்து வேண்டாம். அதாவது நீங்கள் பாடகரிடம் பங்கு கேட்க எழுத்து வேண்டும். ஜெனரேட்டர் வாடகைக்காரர் உங்களிடம் காசு கேட்க எழுத்து வேண்டாம்.

இந்த ஊரில் சேர்ந்து வள்ளம் வாங்கினவர்கள், சேர்ந்து டியூட்டரி நடத்தினவர்கள் எல்லோரும் விழுந்த குழி இது. கோபத்தோடு ஒரு சட்டத்தரணியிடம் போவார்கள். வழக்குரையின் முதல் பந்தியிலேயே ‘வழக்காளியும் எதிராளிகளும் பங்காளர்களாகத் தொழில் நடத்தி வந்தனர்’ என்று எழுதப்படும். இடைக்காலத் தடையுத்தரவும் கேட்டால் அதே வசனம் சத்தியக்கடதாசியிலும் ஏறும், கீழே கட்சிக்காரரின் கையெழுத்து. ஒன்றரை வருடம் கழித்து வழக்கு 18 ஆம் பிரிவில் விழும். அந்த வசனம் மட்டும் பதிவேட்டில் அப்படியே இருக்கும். பிறகு முற்பணம் கொடுத்து நிகழ்ச்சி நடக்காமல் போன ஹோட்டல்காரர் வருவார், வாடகை பாக்கி கேட்கிறவர் வருவார். ‘நீங்களே பங்காளர் என்று சத்தியம் செய்திருக்கிறீர்களே’ என்று பிரதியைத் தூக்கிக் காட்டுவார்கள். பங்காளரின் பொறுப்புக்குக் கால்வாசி என்ற எல்லையும் இல்லை. முழுக் கடனுக்கும் உங்களைப் பிடிக்கலாம், மற்றவர்களிடம் வசூலிப்பது உங்கள் பாடு. அதிலும் அவர்கள் கனடாவில் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இப்போது பிரதேச செயலகப் பதிவைப் பாருங்கள். நீங்கள் அதைத்தான் பெரிய துரோகம் என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பாடகர் ‘இது என் தனித் தொழில்’ என்று அரசாங்கப் பதிவில் தானாகவே எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்றாம் ஆட்களின் கடன் மழையாகப் பெய்யும்போது உங்களுக்கு இருக்கிற ஒரே குடை அந்தப் பதிவு. அதை உங்கள் வழக்குரையால் நீங்களே கிழிக்கப் போகிறீர்கள்.

நீங்கள் விலகியதை இதுவரை ஒருவருக்கும் எழுத்தில் சொல்லவில்லை என்பதும் தெரிகிறது. குழுவோடு முன்பு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர், நீங்கள் விலகியதாக அறிவிக்கும்வரை நீங்களும் அதில் இருப்பதாக எடுத்துக்கொள்ள ஆங்கிலப் பங்குடைமைச் சட்டம் இடம் கொடுக்கிறது. நிலாவெளி ஹோட்டல்கள், சவுண்ட் வாடகைக்காரர், மேடை போடுகிறவர் என்று உங்களுக்குத் தெரிந்த எல்லோருக்கும் பதிவுத் தபாலில் நாலு வரி எழுதுங்கள்: இன்ன திகதியிலிருந்து இந்தக் குழுவின் நிகழ்ச்சிகளுடனும் கொடுக்கல் வாங்கலுடனும் எனக்குத் தொடர்பில்லை. ‘பங்காளராக இருந்தேன்’ என்ற சொல் அதில் வரவே கூடாது. துண்டுகளைப் பத்திரமாக வையுங்கள்.

பிணைக் கையெழுத்து வேறு விஷயம். அதற்குக் குடை கிடையாது. ‘முதலில் கடன் எடுத்தவரிடம் போ, அவரிடம் கிடைக்காவிட்டால் என்னிடம் வா’ என்று சொல்ல நம் சட்டம் பிணையாளிக்கு ஓர் உரிமை தருகிறது. நிதி நிறுவனங்களின் அச்சடித்த படிவத்தில் அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒரு வாசகம் சின்ன எழுத்தில் கிடக்கும். வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்த பிணையாளியை நான் இன்னும் காணவில்லை. பாடகர் டொரன்டோவில் தங்கிவிட்டால் தவணைக்கு முதலில் தட்டுப்படும் கதவு உவர்மலையில் இருக்கிற உங்களுடையதுதான்.

சீசன் காசுக்கு அவசரம் இருக்கிறது. வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம் இருக்கிறது என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டத்தில் அது உண்மைதான். ஆனால் செய்த வேலைக்கான கூலி என்று வந்தால் அதே சட்டத்தில் காலம் ஒரு வருடம் மட்டுமே. நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று பேசி வாசித்தவரின் பாக்கி எதில் அடங்கும் என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சொல்லப்போவது உங்களுக்குப் புரியும்தானே. சீசன் முடிந்தது புரட்டாதியில் என்றால் ஒரு வருடத்தையே கணக்காக வைத்துக்கொண்டு நடவுங்கள். பாடகர் அனுப்பிய ‘தாறன் மச்சான், பார்ப்பம்’ என்ற குரல் பதிவை நம்பி இருக்க வேண்டாம். இவ்வளவு தொகை பாக்கி இருக்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள். முடிந்தால் கையெழுத்தோடு.

பாட்டு. இதில்தான் உங்களுக்குக் கொஞ்சம் பிடி இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் பதிப்புரிமைக்குப் பதிவு கேட்பதில்லை. இணைப் படைப்பாளி இணை உரிமையாளர். பாட்டின் அடையாளமே ஒரு வாத்தியக்காரரின் பகுதி என்றால் அவரும் படைப்பாளி ஆகலாம். ப்ரோகோல் ஹாரம் குழுவின் ஓர்கன் வாசிப்பாளர் மத்தியூ ஃபிஷர், 1967 ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றுக்கு 2005 இல் வழக்குப் போட்டு 40 வீதம் வாங்கினார். 2009 இல், அப்போது அங்கே கடைசி மேன்முறையீட்டு இடமாக இருந்த பிரபுக்கள் சபைவரை போய்த்தான் அது நிலைத்தது. ஆனால் நம் சட்டத்தில் படைப்பில் யார் பெயர் போடப்பட்டிருக்கிறதோ அவரே படைப்பாளி என்று அனுமானம் செய்வார்கள், மாறாக நிரூபிப்பது உங்கள் வேலை. யூடியூப் விவரணையில் ‘இசை’ என்ற இடத்தில் பாடகர் பெயர் மட்டும் இருக்கிறது. வெளியான அன்று இரவே அதை ‘எங்கட அண்ணாவின்ர இசையில்’ என்று மூன்று இதயக்குறியோடு பேஸ்புக்கில் பகிர்ந்தவர் நீங்கள். இணைப்பை நீங்களே எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அதற்கு எதிராக, ஒத்திகையில் அந்தத் தொடக்கத்தை நீங்கள் முதன்முதலில் வாசித்த கைப்பேசிப் பதிவு இருப்பதாகச் சொல்கிறீர்கள். அது பாட்டு வெளியாவதற்கு முந்தினது என்று காட்ட முடிந்தால் பெறுமதியானது. அந்தக் கைப்பேசியை விற்காதீர்கள், ரீசெட் பண்ணாதீர்கள்.

வாசித்தவர் என்ற முறையில் நிகழ்த்துநர் உரிமையும் உண்டு, 50 வருடம். ஆனால் காணொளியில் நடிக்க ஒப்புக்கொண்டு சாவகாசமாக மார்பிள் பீச்சில் நின்று வாசித்துக் காட்டியிருக்கிறீர்கள். காணொளிக்கு ஒருமுறை சம்மதித்தால் அந்தப் பிரிவு தருகிற உரிமை அங்கே பயன்படாது. அதை நம்ப வேண்டாம்.

கோபம் தலைக்கேறிய இரவில் எல்லோரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு: யூடியூப்பில் பதிப்புரிமை முறைப்பாடு. படிவம் நிரப்பப் பத்து நிமிடம் போதும். பாட்டு இறங்கிவிடும், மனமும் குளிரும். பிறகு பாடகர் ‘பிழையாக இறக்கிவிட்டார்கள்’ என்று எதிர் அறிவித்தல் கொடுப்பார். 10 வேலை நாட்களுக்குள் நீங்கள் வழக்குப் போட்டதற்கு ஆதாரம் காட்டாவிட்டால் பாட்டு திரும்ப ஏறிவிடும். அந்த வழக்கைப் போட வேண்டிய இடம் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றம். ஒவ்வொரு தவணைக்கும் இரவு பஸ், புதுக்கடை நீதிமன்ற அலைச்சல், சிரேஷ்ட சட்டத்தரணியின் கட்டணம். பாட்டு இதுவரை யூடியூப்பில் உழைத்ததே அந்தச் செலவுக்குக் காணாது. தெரிந்தே பொய்யான முறைப்பாடு கொடுத்தார் என்று உங்கள் மேலேயே திருப்பவும் இடமிருக்கிறது.

பெயரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெயர் வைத்தவருக்குப் பெயர் சொந்தமாவதில்லை. அதன் நன்மதிப்பு யாருடைய தொழிலோடு ஒட்டியிருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். பிங்க் ஃபிளாய்டின் பேஸ் வாசிப்பாளர் ரோஜர் வாட்டர்ஸ், பாடல்களில் பெரும்பகுதியை எழுதியவர், 1986 இல் பெயருக்காக நீதிமன்றம் போனார். 1987 முடிவில் இணக்கம் வந்தபோது பெயர் மற்றவர்களிடமே இருந்தது. உங்களிடம் அவருடைய காசும் இல்லை, பாட்டுப் பட்டியலும் இல்லை. அவசரப்பட்டு இரகசியமாக வியாபாரக் குறிக்கு விண்ணப்பிக்கவும் வேண்டாம்.

ஆகவே இணக்கத்துக்குப் போங்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். ஆனால் தி ஸ்மித்ஸ் கதையில் நீங்கள் வாசிக்காமல் விட்ட ஆள் ஒருவர் இருக்கிறார், உங்களைப் போலவே பேஸ் வாசித்தவர். அண்டி ரூர்க்குக்குக் காசு முடை. வழக்கு முடியும்வரை காத்திருக்க அவரால் முடியவில்லை. 1989 இல் 83,000 பவுணும் 10 வீதமும் பெற்றுக்கொண்டு மீதி உரிமையையெல்லாம் எழுதிக் கொடுத்தார். டிரம்மர் பிறகு வென்ற 25 வீதத்தில் அவருக்கு ஒன்றும் இல்லை. 1999 இல் வங்குரோத்து. அவர் விட்ட பிழை இணங்கிப் போனதல்ல, எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டுக்கொடுத்ததுதான். மொத்தமாக ஒரு தொகையைத் தூக்கிக் காட்டி ‘இனிமேல் எந்த உரிமையும் கோரமாட்டேன்’ என்ற கடதாசியைப் பாடகர் நீட்டுவார். அதில் அந்த ஒரு பாட்டு வெளியே நிற்க வேண்டும். கையில் வரும் காசைக் குறைத்தாலும் பரவாயில்லை, அந்தப் பாட்டுக்கு இணைப் படைப்பாளியாக உங்கள் பெயரும் ஒரு வீதமும் எழுத்தில் வரட்டும். இரண்டு பேரும் கையெழுத்து வைக்க வேண்டும். கனடா நிகழ்ச்சிக் காசு, பேஸ்புக் பக்க நிர்வாகம், குழுவின் பெயர் மூன்றையும் விட்டுவிடலாம். பேரம் பேச அவை உதவும், அவ்வளவுதான்.

பிணை விஷயத்தில் மட்டும் கவனம். ‘கடனைப் பாடகரே கட்டுவார்’ என்று உங்களுக்குள் எழுதிக்கொள்வது நிதி நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. உங்களுக்குப் பதில் வேறு பிணையாளியை ஏற்றுக்கொண்டு உங்களை விடுவித்ததாக நிறுவனமே எழுத்தில் தர வேண்டும். அந்தக் கடிதம் கைக்கு வரும்வரை இணக்கப் பத்திரத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். இந்தக் கிழமையே நிறுவனத்துக்குப் போய்க் கடன் ஒப்பந்தத்தின் பிரதியும் மிச்சத் தொகைக் கூற்றும் கேளுங்கள். பாடகருக்கான கடிதத்தை அது இரண்டும் வந்த பிறகு எழுதலாம்.