துவாரெக் மக்களின் பழைய கண்காட்சிப் படங்கள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

காலனியக் காலத்து பிரான்ஸில் சகாராவின் துவாரெக் மக்களைக் காட்சிக்கு வைத்தபோது எடுத்த படங்கள், அஞ்சலட்டைகள் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. முடிந்தவரை எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறேன்.

புதிய உறுப்பினர்: அக்கா, துவாரெக் என்பவர்கள் யார்? அவர்கள் எப்படி பாரிஸ் போய்ச் சேர்ந்தார்கள்?

இன்றைய அல்ஜீரியா, லிபியா, மாலி, நைஜர் நாடுகளில் பரவி வாழும் மேய்ச்சல் சமூகம். சகாராவைக் கடக்கும் வணிகப் பாதைகள் நெடுங்காலம் இவர்கள் கையில்தான் இருந்தன. 1881இல் ஃபிளாட்டர்ஸ் என்ற ராணுவ அதிகாரி தலைமையில் வந்த பிரெஞ்சு ஆய்வுப் பயணக் குழுவை இவர்கள் அழித்தார்கள். அன்றிலிருந்து பாரிஸ் பத்திரிகைகளுக்கு துவாரெக் என்றாலே நடுக்கம். 1902 மே 7 அன்று தித் என்ற இடத்தில் நடந்த சண்டையில் அஹகர் மலைப்பகுதி துவாரெக்குகள் பிரெஞ்சுப் படையிடம் தோற்றார்கள். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1907இல், பாரிஸின் கிழக்கோரம் நோஜோன்-சுர்-மார்னில் நடந்த காலனியக் கண்காட்சியில் ஒரு துவாரெக் கூடார முகாம் அமைத்துவிட்டார்கள். பக்கத்திலேயே காங்கோ கிராமம், இந்தோசீனக் கிராமம். நேற்றுவரை பயந்த எதிரியை இன்று டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம் என்பதுதான் அதன் உள்ளர்த்தம். இந்தப் பின்னணி தெரியாமல் அந்தப் படங்களைப் பார்த்தால் வெறும் அழகான பாலைவனக் காட்சியாகத்தான் தெரியும்.

அஞ்சலட்டை சேகரிப்பவர்: ஆன்லைன் ஏலத்தில் ஒரு அட்டை வாங்கினேன். கூடாரம், இரண்டு ஒட்டகம், முகம் மூடிய நான்கு ஆண்கள். பாலைவனத்தில் எடுத்ததா, பிரான்ஸில் எடுத்ததா?

ஆட்களை விட்டுவிட்டு அவர்களுக்குப் பின்னால் பாருங்கள். படம் எடுத்தவர் ஆட்களை நிறுத்துவதில் காட்டிய அக்கறையைப் பின்னணியில் காட்டியிருக்க மாட்டார். இலையடர்ந்த மரங்கள், மரச்சட்ட வேலி, ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட தொப்பிக்காரர், ஒட்டகத்தின் காலடியில் புல், இவற்றில் ஒன்று இருந்தாலும் சந்தேகப்படலாம். நோஜோன் அட்டைகள் சிலவற்றில் வேலியைத் தவிர்த்து நெருக்கமாக எடுத்திருப்பார்கள். அப்போது நிழலைப் பாருங்கள். சகாராவின் நடுப்பகல் நிழல் கத்தியால் வெட்டியது போலிருக்கும். பாரிஸின் மேகமூட்டத்தில் நிழலே கரைந்துபோயிருக்கும்.

அடுத்து அட்டையைத் திருப்புங்கள். 1903 டிசம்பருக்கு முன் பிரான்ஸில் அட்டையின் பின்புறம் முகவரிக்கு மட்டும்தான். சேதி எழுத வேண்டுமென்றால் படத்தின் ஓரத்திலேயே எழுத வேண்டும். பின்புறம் நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்திருந்தால் அந்த அட்டை அதற்குப் பிந்தியது. படம் அதற்கும் முன்பே எடுத்ததாக இருக்கலாம், அதை மறக்க வேண்டாம். ஒரே படத்தை வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப அச்சிட்டார்கள்.

கடைசியாகத்தான் தலைப்பு வரி. 'துவாரெக் வகை' என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். ஸ்டூடியோவில் யாருக்கோ முகத்துணி சுற்றி எடுத்த படங்களும் அந்தப் பெயரில் விற்பனைக்கு வந்தன.

புகைப்படக்காரர்: முகத்துணி கருநீலம் என்கிறார்கள். என்னிடம் உள்ள படத்தில் வெளிறிய சாம்பலாக இருக்கிறதே?

நல்ல கேள்வி. அக்காலத்தில் படம் எடுக்கப் பயன்பட்ட கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை மிகுதியாக வாங்கும், சிவப்பை ஏறக்குறைய வாங்காது. அதனால் நீலம் வெளிறும், சேணத்தின் சிவப்புத் தோல் கறுத்துவிடும். இன்னொன்று, அவுரிச் சாயம் ஏற்றிய துணியைப் பளபளப்பு வரும்வரை அடிப்பார்கள். வெயில் பட்டால் மின்னும், அந்த இடமும் வெள்ளையாகப் பதியும். வெள்ளை முகத்துணி அணிந்தவர்களும் உண்டு. ஆகவே படத்தைப் பார்த்து நிறம் சொல்வதே ஆபத்து. கணினியில் வண்ணம் ஏற்றிப் பகிர்பவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

கல்லூரி மாணவி: மேடம், எல்லாப் படத்திலும் ஆண்கள்தான் முன்னால். பெண்கள் எங்கே?

துவாரெக் சமூகத்தில் முகம் மூடுவது ஆண். பெண்ணின் முகம் திறந்திருக்கும். கூடாரம் பெண்ணின் சொத்து. ஒற்றை நரம்பு இசைக்கருவியான இம்ஸாத் வாசிப்பதும் பெண்தான். கண்காட்சி நடத்தியவர்களுக்கு வேண்டியதோ ஈட்டி, கேடயம், வாள். எனவே கூடாரத்துக்கு உரியவளை ஓரத்தில் உட்காரவைத்து, ஆயுதம் ஏந்தியவனை வாசலில் நிறுத்தினார்கள். படத்தின் ஓரங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள், சில படங்களில் அவர்கள் இருப்பார்கள்.

வேறொரு உறுப்பினர்: கட்டாயப்படுத்திக் கொண்டுவந்தார்களா, சம்பளத்துக்கு வந்தார்களா?

இத்தகைய காட்சிகளுக்குப் பெரும்பாலும் ஒப்பந்தம் இருந்தது, கூலியும் உண்டு. ஆனால் சொந்த மண் ராணுவ ஆட்சியில் இருக்கும்போது போடும் ஒப்பந்தத்தைச் சுதந்திரமான சம்மதம் என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு ஒப்பீடு: 1910இல் அஹகர் துவாரெக்குகளின் தலைவர் மூஸா அக் அமஸ்தான் பிரான்ஸுக்கு விருந்தினராக வந்தார். அவர் பெயரோடு பதிவானார். மூன்று வருடம் முன்பு அதே பாரிஸில் வேலிக்குள் நின்றவர்கள் அஞ்சலட்டைகளில் வெறும் 'வகை'.

சென்னை வாசகர்: நம் பக்கத்து மக்களையும் இப்படி வைத்தார்களா?

ஆம். பாரிஸின் ஜார்தான் தக்ளிமத்தாசியோன் உயிரியல் பூங்காவில் 1877 முதல் இதே வழக்கம். 1883இல் இலங்கையிலிருந்து சிங்களர்களைக் கொண்டுவந்தார்கள். தனியாக எழுத வேண்டிய விஷயம் அது.

குழு நிர்வாகி: இந்தப் படங்களை இங்கே பகிரலாமா?

பகிரலாம். முன்னாள் பிரெஞ்சுக் கால்பந்து வீரர் லிலியான் துராம் முன்னின்று 2011இல் பாரிஸின் கே பிரான்லி அருங்காட்சியகத்தில் நடத்திய கண்காட்சியே இப்படிப்பட்ட படங்களையும் விளம்பரத் தாள்களையும் வைத்து, 'காட்டுமிராண்டி' என்ற பிம்பம் எப்படி உருவாக்கப்பட்டது என்று காட்டியதுதான். ஆனால் ஆண்டு, இடம், அச்சிட்ட நிறுவனம் மூன்றும் தெரிந்த அளவுக்குக் கட்டாயம் போடுங்கள். பழைய தலைப்பை அழிக்காதீர்கள், மேற்கோள் குறிக்குள் போட்டு 'விற்றவர் வைத்த தலைப்பு' என்று எழுதுங்கள். அட்டையாக இருந்தால் பின்புறத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். தபால் முத்திரையில் தேதி இருக்கும், சில சமயம் கண்காட்சிக்குப் போய்வந்தவர் தன் கையால் எழுதிய நாலு வரியும் இருக்கும்.