பாட்டி “வீட்டிலேயே இருந்தவர்” என்றால் எழுத ஒன்றுமே இல்லையா?

கேள்வி: “பாட்டியின் பதினாறாம் நாள் காரியத்தில் அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிப் படிக்கச் சொல்கிறார்கள். படிக்காதவர், வேலைக்குப் போகாதவர், வீட்டிலேயே இருந்தவர். என்ன எழுதுவது?”

“வீட்டிலேயே இருந்தவர்” என்ற அந்தச் சொல்லுக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். உங்களைக் குறை சொல்லவில்லை. துக்கம் இன்னும் ஆறியிருக்காது, சரியாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள், அதற்குள் யாரோ இந்தப் பொறுப்பை உங்கள் தலையில் கட்டியிருப்பார்கள். ஆனால் 2019-இல் என் அப்பாயி (அப்பாவின் அம்மா) இறந்தபோது எங்கள் வீட்டிலும் இதே பேச்சு நடந்தது. அஞ்சலி விளம்பரத்துக்கு இரண்டு வரி கேட்டபோது உறவினர் ஒருவர், “ஹவுஸ் வைஃப்தானே, வேற என்னத்தப் போடுறது” என்றார். அந்த முள் இன்னும் எடுபடவில்லை.

அப்பாயிக்கு மன்னார்குடிப் பக்கம். 1956-இல், 19 வயதில், நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிச் சிங்கப்பூரில் இருந்த தாத்தாவிடம் வந்து சேர்ந்தார். தாத்தாவுக்கு அங்கே செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை. 1971-இல் பிரிட்டிஷ் படை கிளம்பியபின் சில வருடம் அங்கே இங்கே என்று இருந்துவிட்டு, கடைசியில் அங் மோ கியோ வட்டாரத்தில் ஏழாம் மாடி மூவறை வீட்டுக்கு வந்தார்கள்.

பழைய புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) அது. லிஃப்ட் ஒன்று, ஐந்து, ஒன்பதாம் மாடிகளில் மட்டும் நிற்கும். அப்பாயிக்கு முழங்கால் வலி. அதனால் வெளியே போகும்போது ஐந்து வரை இறங்கி லிஃப்ட் பிடிப்பார். திரும்பும்போது ஒன்பதில் இறங்கி ஏழுக்கு நடந்து வருவார். இப்படி இறங்கி இறங்கியே வழியிலிருந்த அத்தனை வீடும் அவருக்குப் பழக்கமாகிவிட்டது. சீன ஆண்ட்டியோ மலாய் அக்காவோ, யாரைப் பார்த்தாலும் முதல் பேச்சு “சூடா மக்கான்?” தான். மலாயில் சாப்பிட்டாச்சா என்று அர்த்தம்.

அவருடைய பொழுதுபோக்கு ஒயர் கூடை. ஊருக்குப் போகிறவர்களிடம் புடவை கேட்க மாட்டார், ஒயர் கட்டு வாங்கிவரச் சொல்வார். தன் கையால் முழம் போட்டு அளந்து வெட்டி, தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு பக்கத்தைக் கால் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு அடிப்பாகத்தைப் பின்ன ஆரம்பிப்பார். பக்கத்தில் ஒலி 96.8 தமிழ் வானொலி ஓடிக்கொண்டிருக்கும். சாதாரண முடிச்சு, சிவன்கண், நெல்லிக்காய் முடிச்சு எல்லாம் வரும். நெல்லிக்காய் போட்டால் ஒவ்வொரு முடிச்சும் குண்டாகப் புடைத்து நிற்கும். அதில் ஒன்று சப்பையாக விழுந்தாலும் அந்த வரிசையையே பிரித்துவிடுவார். வலது ஆள்காட்டி விரல் நுனி ஒயர் இழுத்து இழுத்துக் காய்த்துப் போயிருக்கும். சின்ன வயதில் தூக்கம் வரும்வரை அந்தக் காய்ப்பைத் தடவிக்கொண்டே படுத்திருப்பேன்.

ஒரு கூடைகூட விற்றதில்லை. தீபாவளிக்கு ஒவ்வொரு கூடையிலும் முறுக்கு போட்டுக் கொடுப்பார். கூடையையும் திரும்ப வாங்க மாட்டார். ஆறாம் மாடி மலாய் முஸ்லிம் குடும்பம் மனம் சங்கடப்படாமல் சாப்பிட வேண்டும் என்று, முறுக்கு சுடுவதற்கென்றே தனிச் சட்டி. அதில் இறைச்சி பட்டதே இல்லை. இதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

அப்புறம் எங்கள் புளோக்கில் எல்லா மாடியிலும் லிஃப்ட் நிற்கும்படி மேம்பாட்டு வேலை நடந்தது. வேலை செய்த பையன்களில் நாலைந்து பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். விடியுமுன் கட்டிய சோற்றுப் பொட்டலத்தை மதியம் பிரிப்பார்கள், குழம்பு சில நாள் புளித்திருக்கும். அப்பாயி அதை ஒருநாள் பார்த்துவிட்டார், அவ்வளவுதான். மறுநாளிலிருந்து பெரிய பிளாஸ்கில் ரசம், நாலு அப்பளம், ஒரு கூடை. லிஃப்ட் இன்னும் வராத ஏழாம் மாடியிலிருந்து அந்த முழங்காலோடு படி இறங்குவார். “எனக்காகத்தானே தம்பி லிஃப்ட் கட்டுறீங்க” என்பார். வேலை முடியும்வரை, மாதக்கணக்கில் இது நடந்தது.

என் அப்பாயியைத் தெய்வமாக்குகிறேன் என்று யாராவது பின்னூட்டத்தில் வருவீர்கள், தெரியும். அவர் கோபக்காரர். என் அம்மாவிடம் வருடக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கிறார், அம்மா அதை மறக்கவும் இல்லை. சில மாதம் ரசம் ஊற்றினால் தொழிலாளர் கஷ்டம் தீருமா என்றும் கேட்கலாம். தீராது. ஆனால் அந்தப் பையன்களுக்கு அன்றைக்குச் சோறு இறங்கியது. எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். புளோக்கின் கீழே அப்பாயியைக் கிடத்தியிருக்கிறோம். நாலடி தள்ளிச் சிலர் உட்கார்ந்துகொண்டு, இந்த வட்டாரத்தில் மூவறை வீடு இப்போது என்ன விலைக்குப் போகும் என்று கணக்குப் போடுகிறார்கள். குடும்ப வாட்ஸ்அப்பில் வரிசையாக “ஆர்ஐபி”. அவர் முறுக்கைத் தின்று வளர்ந்தவர்களுக்குத் தமிழில் ஒரு வரி எழுத வரவில்லை. ஒரு பக்கம் எழுத நினைக்கிறீர்களே, அதற்கே உங்களைக் கும்பிடலாம்.

மண்டாய் தகனச் சாலைக்குக் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. எட்டாம் மாடிச் சீன ஆண்ட்டி வந்தார், அவருக்கும் எண்பது இருக்கும். கையில் அப்பாயி போட்ட பச்சை வெள்ளைக் கூடை. பாசாருக்கு (சந்தைக்கு) தினமும் தூக்கிக்கொண்டு போனதில் ஒரு கைப்பிடி அறுந்து, அதைச் சிவப்புப் பிளாஸ்டிக் கயிற்றால் கட்டியிருந்தார். அப்பாயியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் கூடையைத் தூக்கி அவருக்குக் காட்டி, “ரோசாக்” என்றார். மலாயில் கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தம். வழக்கமாக அதைச் சரிசெய்து கொடுப்பவர் அப்பாயிதான்.

அந்தக் கூடையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கைப்பிடி போட எனக்குத் தெரியாது. அப்பாயியின் கட்டிலுக்கடியில் பாதியில் நின்ற கூடை ஒன்று இருந்தது. அதன் முடிச்சை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துப் பழகினேன், மூன்று மாதம் ஆயிற்று. ஆண்ட்டி இப்போதும் அந்தப் பச்சை வெள்ளைக் கூடையில்தான் கீரை வாங்கி வருகிறார்.