ஃபிஷர் நிறம் மாறினாரா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மனியின் பசுமைக் கட்சி பற்றிய கட்டுரையில் யோஷ்கா ஃபிஷரைக் கொஞ்சம் அதிகமாகவே மெச்சியிருந்தீர்கள். போலீஸ் மீது கல்லெறிந்த ஆள், 1998இல் வெளியுறவு அமைச்சரானார்; அடுத்த ஆண்டே கொசோவோ போருக்குத் தலையாட்டினார். நாற்காலி கிடைத்ததும் நிறம் மாறியவர் என்றுதானே சொல்ல வேண்டும்?

ம.

அன்புள்ள ம.,

கல்லெறிந்தது உண்மைதான். 1973இல் ஃபிராங்க்ஃபர்ட் தெருவில் ஒரு போலீஸ்காரரை அவர் அடிக்கும் படங்கள் 2001இல் வெளிவந்தன. அமைச்சராக இருந்தபடியே மன்னிப்புக் கேட்டார். பள்ளிப்படிப்பை முடிக்காதவர், டாக்ஸி ஓட்டியவர், 1985இல் ஹெஸ்ஸே மாநில அமைச்சராக ஸ்னீக்கர் போட்டுக்கொண்டு பதவியேற்றவர். பத்திரிகைக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்!

கொசோவோவுக்கு வருவோம். அங்கே அல்பேனியர்கள்மீது செர்பியப் படைகள் நடத்திய வன்முறையை நிறுத்தவென்று, அமெரிக்கா தலைமையிலான நேட்டோ ராணுவ அமைப்பு யுகோஸ்லாவியாமீது குண்டு வீசியது; ஜெர்மனியும் அதில் சேர்ந்தது. போரை எதிர்த்திருந்தால் சமூக ஜனநாயகக் கட்சியுடனான ஆளும் கூட்டணி உடைந்து பதவி போயிருக்கும், சரி. ஆனால் ஆதரித்ததால், போர் எதிர்ப்பில் வளர்ந்த சொந்தக் கட்சியே கையைவிட்டுப் போயிருக்கலாம். 1999 மே மாதம் பீலெஃபெல்ட் நகரில் கூடிய கட்சி மாநாட்டில் அவர்மீது சிவப்புச் சாயப் பை வீசப்பட்டது. செவிப்பறை கிழிந்தது. கறை படிந்த கோட்டோடு மேடையேறி, "இனி போர் வேண்டாம், இனி அவுஷ்விட்ஸ் வேண்டாம்" என்ற இரண்டும் தனக்கு ஒன்றாகவே சேர்ந்தவை என்றார். அவுஷ்விட்ஸ், நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த வதைமுகாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிறந்த ஜெர்மன் இடதுசாரிகள் இந்த இரண்டையும் ஒரே உறுதிமொழியாகச் சொல்லி வளர்ந்தவர்கள். கொசோவோ அவற்றை எதிரெதிரே நிறுத்திவிட்டது. எதை விட்டுக்கொடுக்கிறேன் என்பதை அவர் தன் ஆட்களின் முகத்துக்கு நேரே சொன்னார். மாநாடும் அவர் பக்கமே வாக்களித்தது.

அந்த முடிவு சரியா என்பது வேறு கேள்வி. ஐ.நா. பாதுகாப்பு அவையின் அனுமதி இல்லாமல் நடந்த குண்டுவீச்சு அது. அவுஷ்விட்ஸை இதற்கு இழுக்கக் கூடாது என்று, வதைமுகாம்களிலிருந்து தப்பியவர்களே கண்டித்தார்கள். நானும் அவர்கள் பக்கம்தான்.

ஆனால் 2003 பிப்ரவரியை மறந்துவிடாதீர்கள். மியூனிக் பாதுகாப்பு மாநாட்டில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் எதிரே உட்கார்ந்திருக்க, ஜெர்மனில் பேசிக்கொண்டிருந்தவர் ஆங்கிலத்துக்கு மாறி, இராக் போருக்கான வாதங்கள் தன்னை நம்பவைக்கவில்லை என்றார். உள்நாட்டில் அதற்கு ஓட்டு இருந்தது என்பதை மறுக்கவில்லை. இருந்தாலும் அமெரிக்காவுக்குத் தலையாட்டுவதே பிழைப்பாகக் கொண்டவர் செய்கிற காரியம் இல்லை அது.

உங்கள் கோபத்துக்குப் பொருத்தமான இடம் 2005க்குப் பிறகு இருக்கிறது. பதவி போனபின் பெரிய நிறுவனங்களுக்கு ஆலோசகரானார். காஸ்பியன் பகுதி எரிவாயுவைத் துருக்கி வழியாக ஆஸ்திரியாவுக்குக் கொண்டுவரும் நபுக்கோ குழாய்த் திட்டத்துக்கு ஆதரவு திரட்டும் வேலையும் அதில் ஒன்று. பசுமைக் கட்சியின் முகமாக இருந்தவருக்கு எரிவாயுக் கம்பெனிகளின் சம்பளம்! இதற்கு என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை. அந்தக் குழாயும் போடப்படவில்லை. 2013இல் திட்டமே கைவிடப்பட்டது.