பட்டறைப் பதில்கள்: டைட் செய்தும் நிற்காத கிளட்ச்

கேள்வி: என்னிடம் 2004 மாடல் மாருதி எஸ்டீம் இருக்கிறது. ஹெட் வேலை, ஹெடர் (புகை பைப்), லைட் ஃபிளைவீல் எல்லாம் முடித்து, கடைசியாக ஹெவி டியூட்டி பிரஷர் பிளேட்டும் (கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிப்பது) செராமிக் கிளட்ச் பிளேட்டும் போட்டேன். காலையில் நன்றாக ஓடுகிறது. மதுரை கோரிப்பாளையம் சிக்னலில் நின்று நின்று கிளம்பினால் முதல் கியர் விழ மறுக்கிறது, ரிவர்ஸ் கர்ரென்று கத்துகிறது. பெடலை முழுக்க மிதித்தும் வண்டி நகரப் பார்க்கிறது. கேபிளை டைட் செய்தால் ஒரு வாரம் தாங்குகிறது, மறுபடி பழைய கதை. கியர்பாக்ஸை இறக்கச் சொல்கிறார்கள். இறக்கலாமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: இப்போதைக்கு இறக்காதீர்கள் தம்பி. உங்கள் கடிதத்திலேயே துப்பு இருக்கிறது. கிளட்ச் பிளேட் தேயத் தேய, பிரஷர் பிளேட்டின் டயாஃப்ரம் ஸ்பிரிங் விரல்கள், பெடலை மிதித்தால் அவற்றை அழுத்தும் ரிலீஸ் பேரிங்கை நோக்கி எழும்பும். அதனால் ஃப்ரீ பிளே (பெடலின் வெறும் ஆட்டம்) குறையும், கேபிள் தானாகவே டைட் ஆகும். உங்களுக்கு வாரா வாரம் லூஸ் ஆகிறது. அப்படியென்றால் பிளேட்டுக்கு வெளியே ஏதோ ஒன்று நீள்கிறது, அல்லது வளைகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் நட்டைத் திருகிக்கொண்டே இருப்பது, ரப்பர் கயிற்றில் வாளி கட்டித் தண்ணீர் இறைக்கிற வேலை.

வண்டி சூடாகித் தகராறு செய்யும்போதே இதைச் செய்யுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அப்போதும் விழவில்லையென்றால் லிங்கேஜையோ கியர்பாக்ஸையோ பார்க்க வேண்டும். லகுவாக விழுந்தால், ஸ்டார்ட் செய்து, நியூட்ரலில் பெடலை முழுக்க மிதித்து, மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸுக்கு சின்க்ரோ (கியர்களின் வேகத்தை ஒன்றாக்கும் வளையம்) கிடையாது, அதனால் அது பொய் சொல்லாது. ஐந்து எண்ணுவதற்குள் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் நின்றிருக்க வேண்டும். கர்ரென்று கத்தினால் கிளட்ச் முழுதாக ரிலீஸ் ஆகவில்லை என்பது உறுதி.

அடுத்ததுதான் முக்கியம். கியர்பாக்ஸ் பக்கம் கேபிள் வந்து இழுக்கும் ஃபோர்க் (ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் நெம்புகோல்) முனையில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை வையுங்கள். வீட்டில் யாரையாவது உட்கார வைத்துப் பெடலை அடிவரை மிதிக்கச் சொல்லுங்கள். வண்டி நியூட்ரலில் இருக்கட்டும், எஞ்சின் அணைந்திருக்கட்டும். முனை எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு தடவை, டிராஃபிக்கில் மாட்டி வந்ததும் ஒரு தடவை. உள்ளே பிளேட் விலகுவதே ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஃபோர்க் முனையில் இரண்டு மூன்று குறைந்தாலே கதை முடிந்தது. சூட்டில் நகர்வு குறைந்தால் கோளாறு கேபிள் பக்கம். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தும் ரிவர்ஸ் கத்தினால் கோளாறு உள்ளே. அப்போது இறக்கிக்கொள்ளலாம்.

உங்களுக்குக் குறையும் என்றுதான் நினைக்கிறேன். பழைய ஸ்பிரிங்குக்காகச் செய்த பாடி அது. பெடலை மிதிக்கும்போது டார்ச் அடித்து ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகரத்தை) பாருங்கள். கேபிள் உறை வந்து உட்காரும் இடத்தில் தகரம் வளைந்து திரும்பிப் போனால், உங்கள் மிதியில் ஒரு பங்கு அங்கேயே செலவாகிறது. பெடல் பிராக்கெட்டில் ஸ்பாட் வெல்டிங் விட்டிருக்கிறதா, பெடல் புஷ் ஆடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். தகரம் அசைந்தால் பின்னால் ஒரு பட்டை வைத்து வெல்டிங் அடிக்க வேண்டும்.

கேபிள் ஹெடர் பைப்புக்குக் கிட்டே போகிறதா? உள்ளே இருக்கும் நைலான் குழாய் சூட்டில் இளகும். தள்ளிக் கட்டுங்கள், ஹீட் ஸ்லீவ் மாட்டுங்கள். எஞ்சினை இறக்கி ஏற்றிய வண்டி ஆச்சே, எர்த் ஒயரைத் திரும்ப ஒழுங்காக மாட்டினார்களா? அது சரியில்லையென்றால் ஸ்டார்ட்டர் கரண்ட் கிளட்ச் கேபிள் வழியாகத் திரும்பி, கேபிளைச் சுட்டுவிடும். பலபேர் புதுக் கேபிளாக மாற்றிக்கொண்டே இருப்பது இதனால்தான். செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் பிளாக்குக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே மீட்டரில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கோளாறு.

இதையெல்லாம் சரிசெய்த பிறகுதான் அட்ஜஸ்ட்மென்ட். பெடலில் சுமார் 15–20 மில்லிமீட்டர் ஃப்ரீ பிளே இருக்கட்டும். அதைத் தின்று டைட் வைத்தால் பேரிங் எந்நேரமும் சுற்றும், பிளேட் ஸ்லிப் ஆகும். அப்புறம் பின் சக்கரத்துக்குக் கட்டை போட்டு, முன் சக்கரம் இரண்டையும் தூக்கி, ஸ்டாண்டில் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்ய வேண்டாம். முதல் கியரில் பெடலை மெல்ல விட்டு, சக்கரம் எங்கே இழுக்க ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். பெடல் தரையை ஒட்டி இருக்கும்போதே இழுத்தால் ஃபோர்க் நகர்வு போதவில்லை. முழுக்க மிதித்திருக்கும்போது லேசாகச் சுற்றினால் பயப்பட வேண்டாம், பிரேக்கைத் தொட்டதும் நின்றுவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஒருவேளை உள்ளே கோளாறு என்றால், ஃபிளைவீலை லேத்தில் எவ்வளவு சீவினார்கள் என்று கேளுங்கள். முகத்தைச் சீவிய அளவு பிரஷர் பிளேட் உட்காரும் படியையும் சீவியிருக்க வேண்டும். பைலட் பேரிங் (ஷாஃப்ட் முனையைத் தாங்குவது), ஸ்ப்ளைன் (பிளேட் நகரும் ஷாஃப்ட் பல்வரி), பிளேட்டின் கோணல் எல்லாம் அப்போது பார்க்கலாம். கியர்பாக்ஸை ஏற்றும்போது அதன் பாரத்தைப் பிளேட்டில் தொங்க விட்டாலே பிளேட் வளைந்துவிடும். பெடலை மிதிக்கும்போது கிராங்க் புல்லி வெளிப்பக்கமாக நகர்கிறதா என்றும் பாருங்கள். கனத்த பிரஷர் பிளேட் த்ரஸ்ட் வாஷரை (கிராங்க் தண்டு நீளவாக்கில் நகராமல் தடுப்பதை) தின்றிருக்கலாம். இனி சிக்னலில் பெடலை மிதித்துக்கொண்டே நிற்காதீர்கள், நியூட்ரல் போடுங்கள். சித்திரைத் திருவிழா சமயத்தில் தமுக்கம் பக்கம் இந்த வண்டியை எடுத்துப் போகவே போகாதீர்கள்.

கேள்வி: என் காரில் ஹைட்ராலிக் கிளட்ச். முதல் மிதியில் கியர் விழவில்லை, மூன்று தரம் மிதித்தால் விழுகிறது. ஓட்டலாமா?
– வாசகி, மேலூர்

பதில்: வேண்டாம் அம்மா. லைனில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் சீல் போயிருக்கிறது. பெடல் தண்டு நுழையும் இடத்தில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் சீல்தான். பல வண்டிகளில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே ஃபுளூயிட் டப்பா. அதனால்தான் அவசரம். மூடியில் எழுதியிருக்கும் டாட் (DOT) நம்பர் ஃபுளூயிடையே ஊற்றி, காற்றை எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் எப்போதாவது ஓட்டுவேன். மற்ற நாள் ஆபீஸ். செராமிக் பிளேட் போடலாமா?
– வாசகர், நாகமலை புதுக்கோட்டை

பதில்: வேண்டாம். பிரஷர் பிளேட்டை மட்டும் கொஞ்சம் பலமானதாகப் போட்டு, சாதாரண ஆர்கானிக் பிளேட்டே வையுங்கள். முழங்காலும் மிஞ்சும், கேபிளும் மிஞ்சும்.