கைராசிக்கார டாக்டரிடம் கேள்வி கேட்கலாமா?

கேள்வி: கும்பகோணம் பக்கம் சின்ன ஊர் எங்களுடையது. இந்த வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் ஒரே டாக்டர்தான், 25 வருடப் பழக்கம், கைராசிக்காரர் என்று ஊரே சொல்லும். இப்போது சாயங்காலம் போனால் 70, 80 டோக்கன். உட்காருவதற்குள் ஊசி, பொட்டலத்தில் மாத்திரை, அடுத்த ஆள். மாமனாருக்கு 64 வயது, 12 வருடமாகச் சர்க்கரை, பிரஷரும் உண்டு. உள்ளங்கால் மதமதவென்று இருக்கிறது என்றதற்கு ‘வயசானா அப்படித்தான்’ என்று சொல்லி, மூட்டுவலிக்கு ஊசி போட்டு அனுப்பினார். என் 5 வயது மகனுக்குக் காய்ச்சல் வந்த முதல் நாளே ஆன்டிபயாடிக். மாத்திரையின் பெயரைக் கேட்டேன். ‘நீ டாக்டரா, நான் டாக்டரா?’ என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டுவிட்டார். வேறு டாக்டரைப் பார்க்கலாம் என்றால் கணவருக்குக் கோபம் வருகிறது. நான் கேட்டது தப்பா?

பதில்: தப்பே இல்லை சகோதரி. உங்கள் வீட்டு ஆட்கள் விழுங்குகிற மாத்திரைக்கு என்ன பெயர் என்று கேட்டீர்கள், அவ்வளவுதான். மருந்தின் மூலப்பெயரை (கம்பெனி வைத்த பெயரை அல்ல, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை) படிக்கும்படி எழுத வேண்டும், மருந்துச்சீட்டில் தன் பதிவு எண்ணைப் போட வேண்டும் என்றெல்லாம் டாக்டர்களுக்கான 2002-ம் ஆண்டு நடத்தை விதிகளே சொல்கின்றன.

முதலில் மாமனாரைப் பார்ப்போம், ஏனென்றால் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அவருடைய கால்தான். 12 வருடமாகச் சர்க்கரை இருப்பவருக்கு உள்ளங்கால் மதமதத்தால் அதை வயசின் மேல் போட்டுவிட்டுப் போகக் கூடாது. சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுபவராக இருந்தால் வைட்டமின் பி12 குறைந்தும் இப்படி வரலாம், இரண்டையுமே பார்க்க வழி இருக்கிறது. உணர்ச்சி குறைந்த காலில் முள் குத்தினாலும் செருப்பு கடித்தாலும் தெரியாது, தெரியவரும்போது புண் ஆழமாகப் போயிருக்கும், விரலை எடுக்கும் நிலைக்குப் பல பேர் வருவது இப்படித்தான். அதனால் தினமும் ராத்திரி அவருடைய இரண்டு பாதங்களையும், விரல் இடுக்கு உட்பட, வெளிச்சத்தில் யாராவது பாருங்கள். சுடுதண்ணீரில் கால் வைத்து ஒத்தடம் கொடுப்பது கூடவே கூடாது.

அப்புறம் டெஸ்ட். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி, சர்க்கரை கட்டுக்குள் இருந்தாலே வருடத்துக்கு இரண்டு முறை பார்க்க வேண்டியது, இதற்கு வெறும் வயிறு தேவையில்லை. வருடம் ஒரு முறை சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சிறுநீரில் அல்புமின், ரத்தத்தில் கிரியாட்டினின், கண்ணில் சொட்டு விட்டு விழித்திரைப் பரிசோதனை, காலில் உணர்ச்சிப் பரிசோதனை. இந்த 12 வருடத்தில் இவற்றில் எதெது எப்போது செய்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தாள் காலியாக இருந்தால் உங்கள் கணவரிடம் அதைக் காட்டினாலே போதும், வாக்குவாதமே வேண்டாம். அந்த மூட்டுவலி ஊசி என்ன மருந்து என்பதையும் கேட்டே ஆக வேண்டும். டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மருந்தை அடிக்கடி போட்டால் சிறுநீரகம் அடிபடும், பிரஷர் ஏறும். ஸ்டீராய்டு என்றால் சர்க்கரை எகிறும்.

பையன் விஷயத்தில், குழந்தைகளுக்கு வரும் காய்ச்சலில் பெரும்பகுதி வைரஸ் காய்ச்சல், அதில் ஆன்டிபயாடிக்குக்கு வேலையே இல்லை. அடுத்த முறை, ‘பாராசிட்டமால் மட்டும் கொடுத்து இரண்டு நாள் பார்க்கலாமா டாக்டர்?’ என்று கேளுங்கள். மூச்சு வாங்கினாலோ, தண்ணீர் குடிக்காமல் சிறுநீர் குறைந்தாலோ, பிள்ளை துவண்டு கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். டெங்கு நேரத்தில் காய்ச்சலுக்கென்று தரும் இபுப்ரோஃபென், மெஃபெனமிக் ஆசிட் சிரப் வேண்டாம்.

கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மாமனாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, யார் பயந்த சுபாவம் என்று 25 வருடம் பார்த்தவருக்குத் தெரிவது புது டாக்டருக்குத் தெரியாது. கூட்டம் அவருடைய கையையும் கட்டிப்போடுகிறது. 67 நாடுகளைப் பற்றி 2017-ல் வந்த ஒரு தொகுப்பாய்வில் டாக்டர் ஒரு நோயாளிக்குத் தரும் சராசரி நேரம் வங்கதேசத்தில் 48 வினாடி, சுவீடனில் 22.5 நிமிடம். நம் ஊர் சாயங்கால க்ளினிக் இதில் எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரியும். போதாததற்கு, ஊசி போடாத டாக்டரை டாக்டராகவே மதிக்காமல் பழகிவிட்டோம் நாம்.

ஆனால் பழக்கம் இருந்தால் மட்டும் போதாது என்பதை நான் என் அம்மா விஷயத்தில் பார்த்தேன். பிரஷருக்கு அம்லோடிபின் ஆரம்பித்ததும் கணுக்கால் வீங்கியது, எங்கள் டாக்டர் வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சேர்த்தார், அதனால் தலைசுற்றல், தலைசுற்றலுக்கு இன்னொன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சின்ன வயசு டாக்டர் எல்லா அட்டைகளையும் மேஜையில் பரப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, ‘வீக்கமே முதல் மாத்திரையால்தாம்மா’ என்றார். அதை மாற்றினார், மற்ற இரண்டையும் நிறுத்தினார், வீக்கம் வடிந்தது. (நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து.)

ஆகவே உங்கள் டாக்டருக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள். கூட்டம் இல்லாத காலை நேரத்தில், கணவரும் கூட வர, மருந்துகளையும் பழைய ரிப்போர்ட்டுகளையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள். ‘உங்களை நம்பித்தான் வந்திருக்கோம், மாமாவோட காலைக் கொஞ்சம் பாருங்க, மருந்தெல்லாம் ஒரு சீட்டுல எழுதிக் கொடுங்க’ என்று கணவரே சொல்லட்டும். காலைத் தொட்டுப் பார்த்து, சீட்டும் எழுதிக் கொடுத்தால் அவரிடமே தொடருங்கள். மறுபடியும் சத்தம்தான் என்றால் காய்ச்சல், சளிக்கு வேண்டுமானால் அவர், சர்க்கரைக்கு வேறு டாக்டர். பணம்தான் தடை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சர்க்கரை, பிரஷர் மாத்திரை இலவசம், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்தும் தருகிறார்கள்.

எப்படியானாலும் டெஸ்ட்டுகள் இந்த வாரமே நடக்கட்டும். கும்பகோணம் பக்கம் என்கிறீர்கள், மாமனார் கோயிலுக்குப் போகிறவராக இருப்பார். உச்சிவெயிலில் கருங்கல் தரையில் வெறுங்காலோடு சுற்றினால் கொப்புளம் வருவதுகூட அவருக்குத் தெரியாது. கல் சூடாவதற்கு முன்னால் விடியற்காலையில் போகச் சொல்லுங்கள், தடிமனான சாக்ஸ் ஒரு ஜோடி இன்றைக்கே வாங்கிக் கொடுங்கள்.