தெளிந்த தண்ணீரில் தேடாதீர்கள்
மீன் தொட்டியின் நடுவிலிருந்து ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் 400 மடங்கில் பார்த்தும் ஒன்றுமே தெரியவில்லை என்கிறீர்கள். தெளிந்த தண்ணீரில் பெரும்பாலும் அப்படித்தான். நுண்ணுயிர்கள் அழுக்கில்தான் கூட்டமாக இருக்கும். தொட்டித் தண்ணீரையே ஒரு கிண்ணத்தில் எடுத்து, ஸ்பாஞ்ச் ஃபில்டரை அதில் லேசாகப் பிழியுங்கள். அடியில் தங்கும் பழுப்புக் கசடில் ஒரு சொட்டு போதும்.

அப்புறம், 40 மடங்கில் தொடங்குங்கள். 400இல் பார்வைப் பரப்பு ரொம்பக் குறுகல், ஓடுவது எதுவும் சிக்காது. சிலைடை வைக்கும் மேடைக்குக் கீழே உள்ள ஒளித்துளையையும் கொஞ்சம் குறுக்குங்கள். விளக்கை முழுதாக எரியவிட்டால் நிறமில்லாத உடல்கள் வெளிச்சத்தில் மறைந்தே போகும். பாரமீசியம் என்ற செருப்பு வடிவ ஒருசெல் உயிரி நிற்காமல் ஓடினால், சொட்டில் நாலைந்து பஞ்சு இழைகளைப் போட்டு மெல்லிய மூடுகண்ணாடியால் மூடுங்கள், இழைகளுக்கு இடையே மாட்டிக்கொள்ளும்.

என்னைக் கேட்டால் முதலில் வோர்ட்டிசெல்லா என்ற ஒருசெல் உயிரியைத் தேடுங்கள். காம்பின் நுனியில் மணி வடிவில், கசடில் ஒட்டியிருக்கும். சிலைடை விரலால் தட்டிப் பாருங்கள்: காம்பு சட்டென்று சுருளாகச் சுருங்கி, பிறகு மெதுவாக நீளும். வாயைச் சுற்றியுள்ள மயிரிழைகள் துகள்களை உள்ளே இழுப்பதும் 100 மடங்கிலேயே தெரியும்.

ஃபில்டரைக் குழாய்த் தண்ணீரில் மட்டும் அலசிவிடாதீர்கள். குளோரின் இருந்தால் ஃபில்டரிலுள்ள நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து செத்துப் போய்விடும்.